எந்த லைன்?

1. முதல் நாள் திருத்தம்

வேலையில் சேர்ந்த முதல் நாளே நான் ஒருவரைத் திருத்தினேன். திருத்தப்பட வேண்டியது யார் என்று தெரிய எனக்கு இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று.

தேவாலாவிலிருந்து நாடுகாணி போகும் ரோட்டில் பஸ்ஸை விட்டு இறங்கி, மண்பாதையில் மூன்று கிலோமீட்டர் நடந்தால் எங்கள் எஸ்டேட். பேர் வேண்டாம். நான் காரமடைக்காரி. பி.காம். படித்து, டைப்ரைட்டிங்கும் முடித்து, எஸ்டேட் ஆபீஸில் கிளார்க்காகச் சேர்ந்தேன். அதற்கு முன் அந்த ஆபீஸில் நாற்காலியில் உட்கார்ந்த பெண் கிடையாது. அதனால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம் உண்டு. கொஞ்சம் என்பது என் கணக்கு. என் வீட்டுக்காரரைக் கேட்டால் வேறு அளவு சொல்வார்.

எஸ்டேட்டில் காலை ஏழு மணிக்குப் பெரட்டு. ஆட்கள் எல்லோரும் களத்தில் வந்து நிற்பார்கள். யார் யாருக்கு எந்த இடத்தில் என்ன வேலை என்று பிரித்து அனுப்புவார்கள். களத்து ஓரத்தில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதை இரும்புக் கம்பியால் அடித்தால் பெரட்டு தொடங்கிவிட்டது என்று அர்த்தம். கிளார்க்கின் வேலை, வந்தவர்களின் பேரையும் போகும் இடத்தையும் செக்ரோல் என்கிற பெரிய நோட்டில் எழுதுவது.

அன்று களத்தில் மேஸ்திரி உடையப்பன் என் முன்னால் வந்து நின்றார். மெலிந்த ஆள், தலையில் மப்ளர். சின்ன வயதில் இலங்கைத் தோட்டத்திலிருந்து அப்பா அம்மாவோடு கப்பலேறி வந்தவர்.

"கிளாக்கரம்மா, லயத்துல ரெண்டு நாளா தண்ணி இல்லீங்க. தொரைகிட்ட சொல்லணும்."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "லயமா? லயமெல்லாம் பாட்டுலதானுங்க மேஸ்திரி வரும். லைன்னு சொல்லோணும். எல்-ஐ-என்-இ, லைன்."

களத்தில் எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். "எங்கப்பா அங்கருந்து கொண்டாந்த ஒரே சொத்து இந்தப் பேச்சுதாங்க. சரி, நீங்க படிச்சவங்க. லைன்னே வச்சிக்குவோம்" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். லைன் என்பது தொழிலாளர் குடியிருப்பு. ஒரே கூரையின் கீழே பத்து வீடு வரிசையாக இருக்கும். எங்களிடம் அப்படி மூன்று வரிசை இருந்தது. இலங்கையிலிருந்து வந்தவர்கள் அதை லயம் என்பார்கள். மேஸ்திரி அன்று முதல் என் எதிரே லைன் என்றார். முதுகு திரும்பினால் லயம்தான். அது எனக்குத் தெரியும். தெரியாத மாதிரி இருந்துகொண்டேன்.

2. அட்டை இல்லாத வருஷம்

தேவாலா மழைக்குப் பேர்போன ஊர். ஆனி ஆடியில் போட்ட துணி காயாது, தீப்பெட்டி பற்றாது. கொழுந்தெடுக்கும் பெண்கள் காலில் அட்டைக்காகப் புகையிலையும் சுண்ணாம்பும் தடவிக்கொண்டு போவார்கள். இங்கே காட்டுத் தீ என்று யாராவது சொன்னால், போய் வேலையைப் பாரப்பா என்போம்.

அந்த வருஷம் ஆனியிலேயே மழை பாதிதான். ஐப்பசி மழை எட்டியும் பார்க்கவில்லை. தை பிறந்தபோது எஸ்டேட்டில் அட்டையே இல்லை. "அட்டை போயிருச்சுங்க, நிம்மதி" என்று முதலில் சந்தோஷப்பட்டவள் நான்தான். மேஸ்திரி தலையை ஆட்டினார். "அட்டை போற எடத்துல மனுசனுக்கும் வேல இல்லீங்க" என்றார்.

மாசியில் தேயிலை துளிர் விடுவதை நிறுத்தியது. ஃபேக்டரி வாரத்தில் இரண்டு நாள் ஓடியது. ஓடையில் தண்ணீர் கல்லுக்கு அடியில் போய்விட்டது. எஸ்டேட்டுக்கு மேற்கே இருக்கும் காட்டில் மூங்கில் பூத்துக் கெட்டுப்போய் ஏக்கர் கணக்கில் காய்ந்து நின்றது. அதற்குக் கீழே உண்ணிச்செடி, அதற்கும் கீழே முழங்கால் அளவு சருகு. அந்த வழியாக நடந்தால் அப்பளத்தின் மேல் நடக்கிற சத்தம் கேட்கும்.

காட்டுக்கும் எஸ்டேட்டுக்கும் நடுவில் ஃபயர் லைன் என்று ஒன்று உண்டு. முப்பது அடி அகலத்துக்கு, ஒன்றரை கிலோமீட்டர் நீளத்துக்கு, செடி கொடி சருகு எதுவும் இல்லாமல் மண் தெரியச் சுத்தம் செய்து வைக்க வேண்டும். தீ அங்கே வந்தால் தின்ன ஒன்றும் இல்லாமல் நின்றுவிடும். ஆனால் மழை ஊரில் ஃபயர் லைனை யார் மதித்தார்கள்? பல வருஷமாகச் சும்மா ஒரு ஆளை அனுப்பி, அரிவாளை வீசிவிட்டு வரச் சொல்வோம். சுத்தம் செய்யச் சொல்லி ரேஞ்சர் இரண்டு தடவை கடுதாசி அனுப்பினார். நான் அதை ஃபைலில் அழகாகக் கோர்த்து வைத்தேன்.

3. ஒரு சொல் மிச்சம்

மாசிக் கடைசியில் ஒரு செவ்வாய்க்கிழமை. இரண்டு நாளாக மேற்கே மலைக்குப் பின்னால் புகை. மேனேஜர் முந்தின நாளே கண் ஆபரேஷனுக்காகக் கோயமுத்தூர் போய்விட்டார். போகும்போது ரேஞ்சரிடம் போனில், "இன்னிக்கே ஃபயர் லைன் முடிச்சுடுவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். முடிக்கவில்லை. ஆரம்பிக்கவே இல்லை.

செவ்வாய்க் காலைப் பெரட்டில் மேஸ்திரியையும் ஐந்து ஆண்களையும் ஃபயர் லைனுக்கு அனுப்பினேன்.

"ரோட்டுப் பக்கம் இருந்து ஆரம்பிச்சு, வளைவு தாண்டிப் பள்ளத்துப் பக்கமா போறோங்க. சாயந்தரத்துக்குள்ள பாதிக்கு மேல ஆயிரும்" என்றார் மேஸ்திரி.

"முழுசும் ஆகோணுங்க."

"ஆறு பேருக்கு அம்புட்டு நீளம் ஆகுமா? நீங்க வேணா ஏழாவதா வாங்க, ஆகும்." சொல்லிவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்.

செக்ரோலில் ஆறு பேரையும் எழுதினேன். வேலை இடம் என்ற கட்டத்தில் 'ஃபயர் லைன்' என்று எழுதியிருக்க வேண்டும். கட்டம் சின்னது. எனக்கு அவசரம். 'லைன் - 6' என்று எழுதினேன். ஒரு சொல்லை மிச்சம் பிடித்தேன்.

4. கிளியர்

பதினோரு மணிக்கு ஆபீஸ் போன் அடித்தது. ரேஞ்சர். ஆறு மாதம் முன்புதான் மாற்றலாகி வந்தவர், ராமநாதபுரத்துச் சமவெளிக்காரர், பதமாகப் பேசுவார்.

"மேடம், காத்து உங்க பக்கமா திரும்புது. குடியிருப்புல இருக்கறவங்கள உடனே வெளியேத்திருங்க. லேட் பண்ணாதீங்க."

ஒன்று சொல்ல வேண்டும், அடுத்த இரண்டு மணி நேரம் நான் வேலை பார்த்த மாதிரி என் சர்வீஸில் என்றைக்கும் பார்த்ததில்லை. எங்கள் லாரி டிரைவர் யூசுப், கூடலூர்க்காரர், பாதித் தமிழும் பாதி மலையாளமும் பேசுவார். அவரை அனுப்பி முதலில் பிள்ளைக்காம்பராவில், அதாவது வேலைக்குப் போகும் பெண்கள் பிள்ளைகளை விட்டுப் போகும் கொட்டகையில், இருந்த குழந்தைகளை ஏற்றினோம். அப்புறம் வயசாளிகள், நோயாளிகள். கொழுந்துக் காட்டிலிருந்த பெண்கள் கூடையோடு ஓடி வந்தார்கள். கூடையை இறக்கச் சொன்னால் மனசே வரவில்லை. "கூடையக் கட்டிக்கிட்டு அழுவீங்களா, ஏறுங்க லாரில!" என்று கத்தினேன். ஆடு, கோழி, ஒரு தையல் மிஷின், ஒரு சாமி படம். ஐந்து நடை. எல்லோரையும் தேவாலா பள்ளிக்கூடத்தில் இறக்கினோம்.

கடைசி நடை போனதும் நானே மூன்று வரிசைக்கும் போய் ஒவ்வொரு கதவாகத் தட்டிப் பார்த்தேன். முப்பது வீட்டிலும் ஆள் இல்லை. ஒரு வீட்டில் அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றி அணைத்தேன்.

மேஸ்திரி ஆட்கள் ஆறு பேரும் ஃபாரஸ்ட் ஆட்களோடு சேர்ந்திருப்பார்கள் என்று நினைத்தேன். நினைத்தேனே தவிர யாரையும் கேட்கவில்லை.

ஆபீஸுக்குத் திரும்பிச் செம்பில் தண்ணீர் எடுத்தபோது மறுபடியும் போன். மணி ஒன்று இருக்கும். ரேஞ்சர் எங்கோ காற்றில் நின்று செல்போனில் பேசுகிறார். பாதிச் சொல் வருகிறது, பாதி வரவில்லை.

"மேடம், லைன் கிளியரா?"

நான் நெஞ்சை நிமிர்த்திச் சொன்னேன். "கிளியர் சார்! ஒரு குஞ்சு குளுவான்கூட இல்லீங்க!"

"ரொம்ப நல்லது மேடம். அப்ப நாங்க..." என்றார். மிச்சம் காற்றில் போய்விட்டது. போனை வைத்தேன். தண்ணீரைக் குடித்தேன். அந்தத் தண்ணீர் எவ்வளவு இனிப்பாக இருந்தது என்பது இன்றைக்கும் ஞாபகம் இருக்கிறது. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

பத்து நிமிஷம் இருக்கும். வாசலில் லாரியை நிறுத்திய யூசுப் உள்ளே வராமல் அங்கேயே நின்று பார்த்தார்.

"சேச்சி, இங்க வாங்க. ஆ புகை நோக்கு. அது நம்மட பவுண்டரி அல்லே?"

மலைமேல் இருக்கும் பெரிய புகை கறுப்பு. இது வேறு. வெள்ளையாக, நேராக, தாழ்வாக, எங்கள் எல்லையிலேயே எழும்பியது. தீ அங்கே வர இன்னும் நேரம் இருந்தது. அதுவாக வந்த தீ இல்லை, யாரோ வைத்தது.

எதிர்த் தீ என்று ஒரு முறை உண்டு. பெரிய தீ வருவதற்கு முன் ஃபயர் லைனில் நின்று காட்டுப் பக்கமாகத் தாங்களே தீ வைப்பார்கள். அது முன்னால் போய்ச் சருகைத் தின்றுவிடும். பெரிய தீ வந்து சேரும்போது அதற்கு எரிக்க ஒன்றும் இருக்காது. நல்ல முறைதான். ஆனால் அதற்கு இரண்டு சங்கதி வேண்டும். ஃபயர் லைன் முழுவதும் சுத்தமாக இருக்க வேண்டும். அதில் ஆள் இருக்கக் கூடாது.

அந்த இரண்டையும்தான் ரேஞ்சர் என்னிடம் கேட்டிருக்கிறார். ஒரே சொல்லில் கேட்டார். ஒரே சொல்லில் சொல்லிவிட்டேன்.

ரோட்டுப் பக்கம் நின்று பார்த்தால் மேஸ்திரி ஆட்கள் காலையில் சுத்தம் செய்த பாதி பளிச்சென்று தெரியும். வளைவுக்கு அந்தப் பக்கம், பள்ளத்தில், ஆறு பேரும் இன்னும் வெட்டிக்கொண்டிருப்பது தெரியாது. நான் கிளியர் என்றேன். அவர் கண்ணுக்கும் கிளியராகத் தெரிந்தது. தீயை வைத்துவிட்டார்.

5. தண்டவாளம்

"அய்யோ, ஆறு பேரு அங்க இருக்காங்க யூசுப்!" என்றேன்.

ரேஞ்சர் நம்பருக்கு அடித்தேன், போகவில்லை. மேஸ்திரி செல்போனுக்கு அடித்தேன். அந்தப் பள்ளத்தில் என்றைக்கும் டவர் கிடையாது. "ரேஞ்சர்கிட்ட ஓடிப் போய்ச் சொல்லுங்க" என்று யூசுப்பை லாரியோடு அனுப்பினேன். ஃபேக்டரிக்கு ஓடினேன். அங்கே சங்கு இருக்கிறது, அடித்தால் மூன்று மைலுக்குக் கேட்கும். சுவிட்சைப் போட்டேன். சத்தம் இல்லை. தீ வருகிறதென்று முன்பே கரண்டை நிறுத்திவிட்டார்கள்.

பெரட்டுக் களத்துக்கு ஓடினேன். தண்டவாளம் தொங்கிக்கொண்டிருந்தது. கம்பியை எடுத்து அடிக்க ஆரம்பித்தேன்.

காலையில் மூன்று தடவை அடிப்பதுதான் வழக்கம். நான் எண்ணவில்லை. ஒரு கை ஓய்ந்தால் இன்னொரு கை. மேற்கே மூங்கில் வெடிக்கிற சத்தம், பட்டாசுக் கடை பற்றிக்கொண்ட மாதிரி. அந்தச் சத்தத்துக்கு மேலே இது கேட்குமா என்றே தெரியாது. சாமியையும் கூப்பிட்டேன், மேஸ்திரியையும் கூப்பிட்டேன். யாரை அதிகம் கூப்பிட்டேன் என்று தெரியவில்லை.

கொஞ்ச நேரத்தில் தீ வளைவைத் தாண்டியது. சுத்தம் செய்யாத பாதியில் ஏறி, எஸ்டேட்டுக்குள் குதித்தது. ஏழாம் நம்பர் தேயிலைக் காட்டில் முதல் நாலு வரிசை கருகியது. பச்சைத் தேயிலை அவ்வளவு சீக்கிரம் எரியாது. அங்கே தீ தயங்கியது. ஆனால் காற்றில் பறந்த நெருப்பு கீழ் வரிசை லைனின் கூரையில் விழுந்தது. பத்து வீடும் என் கண் முன்னால் எரிந்தன. நான் அடித்துக்கொண்டே நின்றேன்.

6. ராக்காயி கேட்டது

மூன்று மணிக்கு மேல் ஆகிவிட்டது. யூசுப் திரும்பி வந்தார். ரேஞ்சரும் ஆட்களும் வளைவுவரை போய்க் கூப்பிட்டுப் பார்த்தார்களாம், அதற்கு மேல் போக முடியவில்லையாம். ரேஞ்சர் அந்த இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாராம்.

அப்போது மண்பாதையில் ஒரு பெண் தனியாக நடந்து வந்தாள். மேஸ்திரியின் சம்சாரம் ராக்காயி. பள்ளிக்கூடத்திலிருந்து யார் தடுத்தும் கேட்காமல் நடந்தே வந்திருக்கிறாள். கொழுந்தெடுக்கும் கச்சையைக்கூட இடுப்பிலிருந்து அவிழ்க்கவில்லை.

"கிளாக்கரம்மா, எங்க வீட்டு ஆளு எங்க?"

"லைன்ல" என்றேன்.

அவள் கீழே எரிந்துகொண்டிருந்த வீடுகளைப் பார்த்தாள். அதில் மூன்றாவது அவள் வீடு. அப்புறம் மேற்கே புகையைப் பார்த்தாள். திரும்பி என்னைக் கேட்டாள்.

"எந்த லைன்ல? லயத்துலயா, காட்டு லைன்லயா?"

பள்ளிக்கூடத்துப் படி ஏறாதவள் ராக்காயி. சம்பளத்துக்குக் கைநாட்டு வைப்பவள். புருஷன் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் நிற்கிற நேரத்தில் அந்தக் கேள்வியைக் கேட்டாள். மதியம் ஒரு மணிக்கு நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. எந்த லைன் சார்? மூன்றே சொல். கேட்டிருந்தால் இத்தனையும் இல்லை.

"காட்டு லைன்ல ராக்காயி. என்னாலதான்" என்றேன்.

அவள் என்னைத் திட்டவில்லை, அடிக்கவில்லை. என் கையைப் பார்த்தாள். உள்ளங்கை இரண்டும் கொப்புளித்து உடைந்திருந்தது. கம்பியை என்னிடமிருந்து பிடுங்கி அவள் அடிக்க ஆரம்பித்தாள்.

நாலு மணிக்கு ஆறாம் நம்பர் காட்டு ஓரத்தில் ஆட்கள் தெரிந்தார்கள். தலை முதல் கால்வரை சேறு. யார் எவர் என்று அடையாளம் தெரியவில்லை. நான் எண்ணினேன். ஒன்று, இரண்டு, மூன்று, நாலு. நாலு பேர்தான் நடந்து வந்தார்கள். ராக்காயி அடிப்பதை நிறுத்திவிட்டாள்.

கிட்டே வந்த பிறகுதான் தெரிந்தது, ஒருவன் முதுகில் இன்னொருவன் இருந்தான், கால் சுளுக்கியவன். கடைசியில் வந்தவன் தோளில் சாய்ந்துகொண்டு மேஸ்திரி. வலது கையும் தோளும் வெந்து சட்டையோடு ஒட்டியிருந்தது. எரிந்த மூங்கில் ஒன்று மேலே விழுந்திருக்கிறது.

ராக்காயி ஓடினாள். "ஓ" என்று ஒரு சத்தம் போட்டாள், அவ்வளவுதான்.

தப்பித்த விதத்தைப் பிறகு சொன்னார்கள். தண்டவாளச் சத்தம் மெலிசாகக் கேட்டிருக்கிறது. ஒருவன், "அந்தம்மா காலடியில பாம்பு கீம்பு போயிருக்கும்" என்று சிரித்தானாம். மேஸ்திரி மட்டும் அரிவாளைக் கீழே போட்டாராம். "மத்தியானத்துல ஏதுடா பெரட்டு? ஏதோ கெட்டுப்போச்சு, கிளம்புங்கடா" என்றாராம். மேலே வரும் பாதையில் புகையைப் பார்த்துவிட்டு, எதிர்ப் பக்கம் கீழே பழைய வயல் சதுப்புக்கு ஓடியிருக்கிறார்கள். அந்த வறட்சியிலும் அங்கே முழங்கால் அளவு சேறு இருந்தது. அதில் படுத்துக்கொண்டு சேற்றை மேலே அள்ளிப் பூசிக்கொண்டார்கள். கால் சுளுக்கியவனை இழுத்துக்கொண்டு கடைசியில் வந்தவர் மேஸ்திரி. அதனால்தான் மூங்கில் அவர்மேல் விழுந்தது.

7. திட்டு

விசாரணை நடந்தது. ஃபாரஸ்ட் பெரிய ஆபீஸர், எங்கள் மேனேஜர், இன்னும் இரண்டு பேர். என்னைக் கேட்டார்கள்.

"அவர் என்ன கேட்டார்?"

"லைன் கிளியரான்னு கேட்டாருங்க."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"கிளியர்னு சொன்னேனுங்க."

"நீங்க குடியிருப்பை நெனச்சுச் சொன்னீங்க. அவர் ஃபயர் லைனை நெனச்சுக் கேட்டார். ரெண்டு பேரும் பொய் சொல்லல. கம்யூனிகேஷன் கேப். பயப்படாதீங்கம்மா, இத்தனை பேரை வெளியேத்தினதுக்கு உங்களைப் பாராட்டணும்."

அவ்வளவுதான். யாருக்கும் தண்டனை இல்லை. வெளியே வந்ததும் அப்பாடா என்று இருந்தது. அப்பாடா என்று இருந்ததே, அது என்னை ராத்திரி பகல் அரித்தது. ஏனென்றால் யாரும் செக்ரோலைக் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். செவ்வாய்க்கிழமைப் பக்கத்தில், என் கையெழுத்தில், 'லைன் - 6' என்று இருக்கிறது. லைன் என்றால் குடியிருப்பு மட்டும்தான் என்று ஒரு மணிக்கு எனக்குத் தோன்றியதாம். காலை ஏழு மணிக்கு அதே சொல்லைக் காட்டு லைனுக்கு எழுதியவளும் நானேதான். ரேஞ்சருக்கு ஒரு லைன்தான் தெரியும். எனக்கு இரண்டும் தெரியும். இரண்டும் தெரிந்தவள்தான் கேட்டிருக்க வேண்டும்.

அந்த ஞாயிற்றுக்கிழமை செக்ரோலைப் பையில் வைத்துக்கொண்டு கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போனேன். மேஸ்திரி கட்டுப் போட்ட கையைத் தலையணைமேல் வைத்துப் படுத்திருந்தார். ராக்காயி ஆரஞ்சு உரித்துக்கொண்டிருந்தாள்.

நோட்டைத் திறந்து காட்டினேன். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னேன். அவர் நோட்டைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுத்துக் கூட்டி, "லை-ன், ஆறு" என்று படித்தார்.

"ஆபீஸருங்க உங்கள ஒண்ணுஞ் சொல்லலியா?"

"இல்லீங்க மேஸ்திரி. பாராட்டோணும்ன்னாங்க."

"அப்ப நா சொல்றேன். கேட்டுக்குறீங்களா?"

"சொல்லுங்க."

"மொதப் பெரட்டுல நா லயம்னு சொன்னேன். நீங்க அத்தன பேரு முன்னாடி சிரிச்சிப்புட்டு, தப்புன்னு திருத்துனீங்க. நாங்க லயத்த லயம்னு சொல்லுவோம், காட்ட வெட்டுறத லைனுன்னு சொல்லுவோம். ஒண்ணோட ஒண்ணு மோதாது. நீங்க வந்து ரெண்டையும் ஒண்ணாக்கிப்புட்டீங்க. சொல்லு என்னாத்துக்கு இருக்குதுன்னு கேட்டீங்களா? கேக்கல. படிச்ச திமிரு. அந்தத் திமிருக்கு என் கையி போச்சு. புள்ளகுட்டிக்காரனுங்க அஞ்சு பேரு உசுரும் போயிருக்கும்."

"இந்தா, போதும்" என்றாள் ராக்காயி.

"இரு புள்ள. இதச் சொல்லாட்டி அவங்களுக்குத் தூக்கம் வராது" என்றார்.

உண்மைதான். நான் அழுதேன். வார்டில் எல்லோரும் பார்த்தார்கள். ஆபீஸர்கள் கொடுக்காததை அவர் கொடுத்தார். அழுது முடிந்ததும் ராக்காயி எனக்கும் நாலு சுளை கொடுத்தாள். சாப்பிட்டேன்.

கிளம்பும்போது மேஸ்திரி கூப்பிட்டார். "கிளாக்கரம்மா, தண்டவாளத்த அடிச்சது நீங்கதான? அதையும் அந்த நோட்டுல எழுதிவைங்க. அது ஒண்ணாச்சும் சரியாச் செஞ்சீங்க."

8. கட்டம்

இப்போது எஸ்டேட் வேலைக்கு வரும் பிள்ளைகள் கம்ப்யூட்டரில் செக்ரோல் போடுகிறார்கள். சுருக்கெழுத்து இன்னும் அதிகம். அவர்களுக்கு நான் சொல்வது இதுதான். உங்களுக்கு முன்னால் அந்த இடத்தில் இருந்தவர்கள் ஒரு சொல்லை வைத்திருந்தால், அது அங்கே ஏன் இருக்கிறது என்று கேட்டுவிட்டுத் திருத்துங்கள். கட்டம் சின்னதாக இருந்தால் கட்டத்தைப் பெரிதாக்குங்கள். ஆள் போன இடத்தைச் சுருக்காதீர்கள்.

மேஸ்திரியின் வலது கை விரல்கள் அரிவாளைப் பிடிக்கும் அளவுக்கு மடங்கவில்லை. மேனேஜர் அவரை ஃபேக்டரி கேட்டில் உட்காரச் சொன்னார். அவர் மாட்டேன் என்றார். ஃபயர் லைனில் காவல் நிற்கிறேன், வெட்டுகிறவர்களுக்கு நான் கண்ணாக இருக்கிறேன், ஒரு விசில் மட்டும் கொடுங்கள் என்று வாங்கிக்கொண்டார்.

அடுத்த வருஷமும் மழை குறைவுதான். பங்குனியில் மறுபடியும் மேற்கே புகை. மதியம் ஆபீஸ் போன் அடித்தது. அதே ரேஞ்சர். ஒவ்வொரு சொல்லாக நிறுத்திக் கேட்டார்.

"மேடம், லயம் காலியா?"

ராமநாதபுரம் பேச்சில் லயம் என்ற சொல்லை முதன்முதலாகக் கேட்டேன். செக்ரோலை இழுத்து முன்னால் வைத்து, அன்றைய பக்கத்தில் விரலை வைத்தேன்.

"லயம் காலிங்க சார். ஃபயர் லைன்ல ஆறு பேர் இருக்காங்க. பேர் சொல்றேன், எழுதிக்கிறீங்களா?"

"சொல்லுங்க மேடம். எழுதறேன்."

"ஒண்ணு, உடையப்பன்."